இது எவ்வளவு நேரம் வரும்?

போன வாரம் காலையில், பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது மருமகள் கேட்டாள்: "அத்தை, கேஸ் எப்ப தீரும்னு தெரியல. புக் பண்ணிடட்டுமா?"

நான் கைப்பிடித் துணியைக் குழாயில் நனைத்துப் பிழிந்து, குனிந்து, சிவப்பு சிலிண்டரின் வயிற்றில் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டையாகத் துடைத்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மேல்பக்கத்து ஈரம் மளமளவென்று காய்ந்தது. அடியில் நாலு விரற்கடை உயரத்துக்கு மட்டும் ஈரம் அப்படியே நின்றது. காய்ந்த இடத்துக்கும் ஈரத்துக்கும் நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு.

"அந்தக் கோடு வரைக்கும்தான் உள்ளே திரவம் இருக்கு. அது சில்லுனு இருக்கறதால ஈரம் காயல. ஒரு வாரம் வரும். இன்னைக்கே புக் பண்ணிடும்மா."

அவள் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இதெல்லாம் யாரு அத்தை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா?"

அடுப்படியில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் மயக்க மருந்து டாக்டர் ஒருவர்.

காவிரிக் கரையோரத்துத் தாலுகா ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு முதல் போஸ்டிங். மயக்க மருந்து டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லியான அம்மா, எப்போதும் கஞ்சி போட்ட காட்டன் புடவை, தலையில் ஒரு துளி பூ. தியேட்டருக்குள் வந்ததும் நோயாளியிடம் பெயர் கேட்பார், அடுத்து நேராக சிலிண்டரிடம் போவார். பாயில்ஸ் மெஷின் என்று நாங்கள் சொல்லும் அந்த மயக்க மருந்து வண்டியில், வெள்ளைத் தோளும் கறுப்பு உடம்புமாக ஆக்சிஜன் நிற்கும். பக்கத்தில் நீல நிறத்தில் நைட்ரஸ் ஆக்சைடு.

ஒரு நாள் குடலிறக்க ஆபரேஷன் பாதி நடந்துகொண்டிருக்கும்போது மேடம் கேட்டார்: "சிஸ்டர், நைட்ரஸ் முள் எங்க நிக்குது?"

"50 மேடம்."

"ஆரம்பிக்கும்போது?"

"50தான் மேடம்."

"அப்ப இந்த ஒரு மணி நேரத்துல எவ்வளவு செலவாச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் ஒரு துண்டு காஸ் துணியை நனைத்து என் கையில் கொடுத்து நீல சிலிண்டரைத் துடைக்கச் சொன்னார். முழங்கால் உயரத்தில் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்குக் கீழே சிலிண்டர் வேர்த்திருந்தது; தொட்டால் விரல் கூசும் சில்லிப்பு.

ஆபரேஷன் முடிந்து கை கழுவும்போது விளக்கினார். நைட்ரஸ் சிலிண்டருக்குள் அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. மேலே நிற்கும் ஆவியை நாம் எடுக்க எடுக்க, திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். ஏசி அறையில் ஏறத்தாழ 50 கிலோ அழுத்தத்தில் முள் நின்றது நின்றபடி நிற்கும். திரவம் கடைசிச் சொட்டு வரை ஆவியான பிறகுதான் முள் இறங்கத் தொடங்கும். தொடங்கினால் விறுவிறுவென்று இறங்கிவிடும். சமையல் கேஸும் இதே ரகம்தான். கடைசி நாள் வரை அடுப்பு ஒரே மாதிரி எரிந்துவிட்டுப் பாயசம் கொதிக்கும்போது பொசுக்கென்று அணைவது அதனால்தான்.

"முள்ளை நம்பாதே, எடை போடு," என்றார் மேடம்.

நாங்கள் எடை போட்டோம். ஆஸ்பத்திரி சமையல் கட்டில் அரிசி நிறுக்கும் பிளாட்பாரம் தராசு ஒன்று இருந்தது. சிலிண்டரின் கழுத்தில் காலி எடையை எண்ணாகக் குத்தியிருப்பார்கள். மொத்த எடையில் அதைக் கழித்தால் மிச்சம் நைட்ரஸ். ஒரு கிலோ நைட்ரஸ் விரிந்தால் ஏறத்தாழ 540 லிட்டர் வாயு. இரண்டரை கிலோ இருந்தால் 1350 லிட்டர். நிமிஷத்துக்கு 4 லிட்டர் போனால் ஐந்தரை மணி நேரம். மூன்று கேசுக்குத் தாராளம். சமையல்கார அம்மா, "என் தராசுல உங்க மருந்தையெல்லாம் ஏத்தாதீங்க சிஸ்டரம்மா," என்று ஒவ்வொரு தடவையும் சத்தம் போட்டுவிட்டு, அரிசி மூட்டையை அவரே நகர்த்தி இடம் பண்ணித் தருவார்.

ஈரத் துணியும் எல்லா நாளும் கைகொடுக்காது. நைட்ரஸுக்கு 36.5 டிகிரிக்கு மேல் திரவம் என்ற நிலையே கிடையாது. சித்திரை மாதத்து மத்தியானம், தகரக் கூரை போட்ட ஸ்டோர் ரூமில் நிற்கும் சிலிண்டரை எத்தனை தரம் துடைத்தாலும் கோடு விழாது. வெயில் நாடுகளுக்கு அனுப்பும் நைட்ரஸ் சிலிண்டரைக் குளிர் நாடுகளில் அடைப்பதைவிடக் குறைவாகத்தான் அடைப்பார்கள் என்பதற்கும் காரணம் அந்த 36.5தான். அந்த மாதிரி நாட்களில் தராசு ஒன்றே துணை.

ஆக்சிஜன் இதற்கு நேர் எதிர். மைனஸ் 118 டிகிரிக்கும் கீழே குளிர வைத்தால்தான் அது திரவமாகும். நம் ஊர் வார்டில் நிற்கும் கறுப்பு சிலிண்டருக்குள் இருப்பது வெறும் வாயு, 150 கிலோ அழுத்தத்தில் நெருக்கி அடைத்த வாயு. ஈரத் துணிக்கு அது பிடி கொடுக்காது. தூக்கிப் பார்த்தும் சொல்ல முடியாது. இடுப்புயர பி டைப் சிலிண்டரில் நிறைய அடைத்த ஆக்சிஜனின் எடையே இரண்டு கிலோதான். ஆனால் இங்கே முள் உண்மை சொல்லும். பாதி தீர்ந்தால் முள்ளும் பாதிக்கு வரும். ராபர்ட் பாயில் 1662இல் எழுதி வைத்த விதி அது. மயக்க மருந்து மெஷினுக்குப் பெயர் கொடுத்த பாயில் வேறு ஆள்: லண்டன் செயின்ட் பார்த்தலோமியு ஆஸ்பத்திரி டாக்டர் ஹென்றி பாயில், 1917இல் அதை வடிவமைத்தவர். பயிற்சிக்கு வரும் பெண்கள் இரண்டு பேரையும் ஒருவராகவே நினைத்துக்கொள்வார்கள். நான் பிரித்துச் சொல்வேன். ஒருவர் மெஷினைத் தந்தார், ஒருவர் மெஷினின் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் கணக்கைத் தந்தார்.

மேடம் அந்தக் கணக்கை வார்டுக் கதவின் உட்பக்கம் சாக்பீஸில் எழுதிப்போட்டார். சிலிண்டர் பிடிக்கும் தண்ணீரின் அளவை முள் காட்டும் எண்ணால் பெருக்கு, ஃப்ளோமீட்டரில் ஓடும் லிட்டரால் வகு, வருவது நிமிஷம். பி டைப் பிடிப்பது 10 லிட்டர் தண்ணீர். முள் 150 என்றால் 1500 லிட்டர் ஆக்சிஜன். நிமிஷத்துக்கு 5 லிட்டர் வைத்தால் 300 நிமிஷம், ஐந்து மணி நேரம். ஆளுயர டி டைப் ஏறத்தாழ 47 லிட்டர் பிடிக்கும், 7000 லிட்டர் வாயு. 10 லிட்டர் வைத்தாலும் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். வெள்ளையடிக்கிற வருஷமெல்லாம் அந்தக் கணக்கு அழிந்துபோகும். மறுநாள் யாராவது ஒரு சிஸ்டர் திரும்ப எழுதிவிடுவோம்.

சிலிண்டர் லாரி வரும் நாள் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். டி டைப்பைச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டிக்கொண்டே வராந்தாவில் கொண்டுவருவார்கள். கருங்கல் தளத்தில் அந்தக் கரகரப்பு பிரசவ வார்டு வரைக்கும் கேட்கும். எங்கள் வார்டு ஊழியர் அண்ணன் ஒருவர் இருந்தார். ஸ்பானரால் ஒவ்வொரு சிலிண்டரையும் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "இது நெறஞ்சது சிஸ்டர், இது காலி, மணி மாதிரி பேசுது பாருங்க," என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அரை குறையாக இருப்பதைத்தான் தட்டிக் கண்டுபிடிக்க முடியாது. ஆபத்து எல்லாம் அந்த அரைகுறையில். அதனால் நான் அவர் தட்டி முடித்த பிறகு, "அண்ணே, ரெகுலேட்டர் மாட்டி முள்ளையும் பாத்துருவோம்," என்பேன். மாட்டுவதற்கு முன் வால்வை ஒரு நொடி திறந்து மூடுவார். வாயில் ஒட்டிய தூசியெல்லாம் 'புஸ்'ஸென்று பறந்துபோகும். வெயிலில் வந்து இறங்கிய சிலிண்டர் 150 காட்டினால், அடுத்த நாள் விடியற்காலைக் குளிரில் அதுவே 145 காட்டும். ஒன்றும் திருட்டுப் போகவில்லை, சூடு இறங்கியதும் அழுத்தமும் இறங்கிவிட்டது என்று ஸ்டோர்கீப்பருக்கு விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இத்தனையும் தெரிந்தவள்தான் நான். அப்படியும் ஒரு ராத்திரி என்னை விழ வைக்கப் பார்த்தது.

நிமோனியா முற்றிய பெரியவர் ஒருவர். நெசவுக்காரர். தஞ்சாவூர் மெடிக்கலுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார் டாக்டர். 108 எல்லாம் வராத காலம், ஆஸ்பத்திரி வேன்தான். பெரியவரும், அவர் மனைவியும், நானும், முன்னால் டிரைவர் அண்ணனும். பி டைப் சிலிண்டரைச் சீட்டுக் காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினோம். முள் 120. ஓட்டம் 6 லிட்டர். 1200ஐ 6ஆல் வகுத்தால் 200 நிமிஷம். பயணம் ஒன்றரை மணி நேரம். இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதே என்று நிம்மதியாக ஏறினேன்.

அந்த அம்மா வண்டி கிளம்பியதும் கேட்டார்: "தாயீ, இது எவ்வளவு நேரம் வரும்?"

"மூணு மணி நேரத்துக்கு மேல வரும்மா. அதுக்குள்ள போய்ச் சேந்துருவோம்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் புருஷனின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

மோசமான ரோடு. வேன் சத்தத்தில் நாங்கள் பேசுவதே கேட்கவில்லை. நான் பெரியவரின் நாடியைப் பிடித்துக்கொண்டு, மாஸ்க் நழுவாமல் பார்த்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் முள்ளைப் பார்க்கவே இல்லை. கணக்குப் போட்டாயிற்றே என்ற நினைப்பு.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் அண்ணன் சலித்துக்கொண்டே இஞ்சினை அணைத்தார்.

வயல் தவளைச் சத்தம் கேட்டது. அதோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் கேட்டது. மெல்லிய சீறல், நிற்காத சீறல். டார்ச்சை அடித்து முள்ளைப் பார்த்தேன். 30.

6 லிட்டர் கணக்குக்கு அது 93இல் நின்றிருக்க வேண்டும். மிச்சம் 63, அதாவது 630 லிட்டர் ஆக்சிஜன், ரெகுலேட்டர் சிலிண்டரோடு சேரும் இடத்தில் கசிந்து வேனுக்குள் கலந்துபோயிருந்தது. பெரியவர் மூச்சுக்குப் போனதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வீணாகியிருந்தது. ஒரே வழியாகத்தான் வெளியே போகிறது என்று நினைத்து நான் வகுத்திருந்தேன். அது இரண்டு வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

சாவியால் வால்வை மூடினேன். டிரைவர் அண்ணன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். அவர் கையில் கிரீஸ் கறுப்பாக மின்னியது. "அண்ணே, தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். அழுத்தமான ஆக்சிஜன் எண்ணெயில் பட்டால் தீப்பொறி வேண்டியதில்லை, தானாகவே பற்றும். சோப்பு போட்டு, தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்து, அவர் கையையும் ஸ்பானரையும் கழுவி, என் டவலால் துடைத்து, பிறகுதான் நட்டை இறுக்கினோம். அதற்குள் இரண்டு நிமிஷம். பெரியவர் ஆக்சிஜன் இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். அந்த அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே, "இதோ, இதோ வந்துருச்சு," என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கண் மட்டும் என் கையிலேயே இருந்தது.

வால்வைத் திறந்தேன். சீறல் இல்லை. எச்சிலைத் தொட்டு நட்டைச் சுற்றி வைத்துப் பார்த்தேன்; குமிழி இல்லை. 300 லிட்டர். 6 வைத்தால் 50 நிமிஷம். கேட் திறந்து போய்ச் சேர முக்கால் மணியாவது ஆகும். அத்தனை நெருக்கமான கணக்கை நம்ப எனக்குத் தைரியம் இல்லை. 4 லிட்டருக்கு இறக்கி, டார்ச்சை நகத்தில் அடித்து, நீலம் பாரிக்கிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்தேன். ரயில் போயிற்று. கேட் திறந்தது. அதன் பிறகு ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லுக்கும் முள்ளைப் பார்த்தேன். தஞ்சாவூர் மெடிக்கல் வாசலில் இறங்கும்போது 12.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். அன்று கேட் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றுவரை முழுசாக நினைத்துப் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். மணி, முள், ஓட்டம், மூன்று கட்டம். சிலிண்டர் மாட்டியதும் ஒரு வரி. பத்து நிமிஷம் கழித்து இன்னொரு வரி. முதல் வரி எத்தனை நேரம் வரவேண்டும் என்று சொல்லும்; இரண்டாவது வரிதான் எத்தனை நேரம் வரும் என்று சொல்லும். பி டைப்பில் 6 லிட்டர் ஓடினால் பத்து நிமிஷத்தில் முள் 6 இறங்க வேண்டும். 15 இறங்கினால் எங்கோ ஓட்டை, சோப்பு நுரையை எடு. முள் இறங்கவே இல்லையா, கையால் மாஸ்க்கைத் தொட்டுப் பார், கேஜ் பழுதா என்று பார். மாற்று சிலிண்டர் பக்கத்தில் வந்து நிற்கும் வரைக்கும், முள் 30க்கு வந்தால் அது எனக்குக் காலி. நான் இருந்த வார்டுகளில் எல்லாம், டூட்டி மாறும்போது ஊசி மருந்துக் கணக்கோடு இந்த மூன்று கட்டத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். சில இளம் சிஸ்டர்களுக்கு அது தொந்தரவாக இருந்தது. ரயில்வே கேட் கதையைச் சொன்ன பிறகு முணுமுணுக்கமாட்டார்கள்.

நான் ரிட்டயராகும்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் சுவரிலேயே ஆக்சிஜன் குழாய் வந்துவிட்டது. வெளியே வெள்ளைத் தொட்டியில் கடுங்குளிரில் திரவமாக நிற்கும். ஒரு லிட்டர் விரிந்தால் ஏறத்தாழ 860 லிட்டர் வாயு. அழுத்தம் குறைந்தால் மணி அடிக்கும். நல்ல காரியம். சிலிண்டர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்த காலம் போயே போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

2021 வந்தது. அந்த மே மாதத்தில் என் செல்போனுக்குத் தூக்கமில்லை. சிலிண்டர் என்றால் கேஸ் அடுப்பை மட்டும் தெரிந்த வீடுகளில் எல்லாம் கறுப்பு சிலிண்டர் வந்து கூடத்தில் நின்றது. ரெகுலேட்டரைப் படம் பிடித்து அனுப்புவார்கள். எல்லாரும் கேட்டது அந்த அம்மா வேனில் கேட்ட அதே கேள்வியைத்தான்.

என் ஒன்றுவிட்ட தங்கை மகன் கூப்பிட்டது நள்ளிரவு தாண்டி. "பெரியம்மா, அப்பாவுக்குப் பெட் கிடைக்கல. காலைல பாக்கலாங்கறாங்க. சிலிண்டர் 90ல இருக்கு. டாக்டர் 5 லிட்டர் வைக்கச் சொன்னாரு. தம்பி இன்னொரு சிலிண்டரை எடுத்துக்கிட்டு ஃபில்லிங் கியூல சாயந்திரத்துலேருந்து நிக்கிறான்."

"சிலிண்டர் உன் இடுப்பு உசரமா, ஆளுசரமா?"

"இடுப்பு உசரம்."

"அப்ப மூணு மணி நேரம் வரும்பா. ஆனா என் கணக்கை நம்பாத. பென்சில் எடு. கட்டில் பக்கத்துச் சுவத்துல மணியும் முள்ளும் எழுது. கால் மணிக்கு ஒரு தடவை எனக்குப் படிச்சுக் காட்டு. ஏழோ எட்டோதான் இறங்கணும்."

போனை வைக்காமலே விடியவிட்டோம். அவன் படிப்பான்: 82, 75, 67. நான் இங்கே என் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வேன். நடுவில் ஆக்சிமீட்டர் என்ன காட்டுகிறது என்று கேட்பேன். பின்னணியில் தண்ணீர் பாட்டிலில் குமிழி கொப்பளிக்கும் சத்தம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. 4 மணிக்கு 15 என்றான். அப்போது வாசல் கதவு திறக்கும் சத்தம், தரையில் இரும்பு உரசும் சத்தம். தம்பி வந்துவிட்டான்.

எல்லா வீட்டுக்கும் தம்பி நேரத்துக்கு வரவில்லை. அந்த மாதம் என் நோட்டில் பாதியில் நின்றுபோன வரிசைகளும் உண்டு. அவற்றை நான் புரட்டுவதில்லை.

ஆறேழு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் தலைமாட்டுச் சுவரில் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. 1.30க்கு 90. 1.45க்கு 82. வரிசையாகக் கீழே இறங்கி, 4.00க்கு 15. அதற்கு அடுத்த வரியில் 140.

"அண்ணி, இது என்ன கணக்குன்னு இவங்களைக் கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க," என்றார். நான் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். தண்ணீர் பிடிக்கும் அளவு, முள், ஓட்டம், எல்லாவற்றையும் மேடம் எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். அவர் விரலை ஒவ்வொரு எண்ணாக வைத்துக்கொண்டே வந்து, 3 மணிக்கு 45க்கும், 3.15க்கு 37க்கும் நடுவில் நிறுத்தினார்.

"இந்த இடத்துல நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?"

பையன் அடுக்களை வாசலில் நின்றபடி சொன்னான்: "தூங்கிட்டிருந்தீங்கப்பா."

அவர் விரல் அந்த இடைவெளியிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு 37க்கு நகர்ந்தது.